சூலியா தெருவில் அட்டை பொறுக்கி வரைபவருடன் ஒரு காலை

சனிக்கிழமை கண் விழித்ததும் முதலில் இடது மார்பைத் தொட்டுப் பார்த்தேன். கட்டி அங்கேயேதான் இருந்தது. ஊசியால் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. நான் இன்னும் நாள் கேட்கவில்லை. வீட்டில் இருந்தால் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்பதால்தான் இந்தப் பயணம்.

நான் இருக்கும் கெப்பாலா பத்தாஸிலிருந்து பட்டர்வொர்த் படகுத்துறை சுமார் பதினைந்து கிலோமீட்டர். காரை அங்கே விட்டுவிட்டு எட்டு மணிக்கு ஃபெர்ரி ஏறினேன். கட்டணம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். அக்கரையில், பினாங்குத் தீவில் இறங்கினால் சூலியா தெருவுக்குக் கொஞ்ச தூர நடைதான்.

ஓவியர் யோகேஸ்வரி அங்கே காத்திருந்தார். இணையத்தில் அவர் படங்களைப் பார்த்து எழுதிக் கேட்டிருந்தேன். கூடவே நடக்கலாம், வாருங்கள் என்றிருந்தார். கடைகள் வெளியே போடும் அட்டைப்பெட்டிதான் அவருக்குத் தாள். இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுடும் சாத்தே கடையில் மிஞ்சிய கரித்துண்டுதான் பென்சில். பொறுக்கும் நேரத்தில் யார் என்ன சொன்னாலும், கிண்டல் உட்பட, படத்தின் கீழ் அப்படியே எழுதித் தெருச் சுவரில் மாட்டிவிடுவார்.

ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் அவர் பெட்டியை எடுத்தபோது முதலாளி எட்டிப் பார்த்தார்.

“எடுத்துக்க தங்கச்சி. ஆனா இன்னைக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன்லா.”

“ஏண்ணே?”

“போன தடவ மாமியாரப் பத்திச் சொன்னத எழுதி மாட்டிட்ட. என் பொண்டாட்டி அத போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்புல போட்டுட்டா.”

“நீங்க சொன்னதுதானே?”

“சொன்னேன். மாட்டச் சொன்னேனா?”

அவர் கடையிலேயே தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் தேநீர், குடிக்க உட்கார்ந்தோம். நான் சுமந்து வந்த அட்டையை மேசையில் வைத்தபோது யோகேஸ்வரி கேட்டார்.

“அந்தக் கை வலிக்குதாக்கா? ஒதுக்கி ஒதுக்கிப் புடிக்கிறீங்க.”

“கட்டி ஒண்ணு இருக்கு. டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க. அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர் ஓர் அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். கரியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அட்டையில் நான் இருந்தேன்: குனிந்த தலை, உடம்பைத் தொடாமல் விலகி நிற்கும் இடது கை.

“எழுதவா? வேணாம்னா விட்டுடறேன்.”

எழுதுங்கள் என்றேன். ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று எழுதினார். வாயால் சொன்னபோது அது சாதாரணமாகத்தான் இருந்தது. கரியில் பார்த்தபோது எவ்வளவு பயந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

கிளாஸ் எடுக்க வந்த முதலாளி அதைப் படித்தார். “கூரை ஒழுகுறப்ப நானும் இதத்தான் சொன்னேன். இப்ப சீலிங் கட்டில் மேல கெடக்கு.”

போக நினைப்பவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள். பிறகு பழைய பேப்பர்காரர்கள் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கடைக்காரரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். தொப்பி அவசியம். யோகேஸ்வரி காசு வாங்குவதில்லை, தேநீராவது நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

திரும்பும் ஃபெர்ரியில் தங்கை போன் செய்தாள். பினாங்கு எப்படி என்றாள். நல்ல வெயில் என்றேன். திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.