மேட்டுக்கு வராத குழாய்

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் சிங்கப்பூரில், புக்கிட் மேராவில், ஒரு மேட்டின்மேல் அத்தாப்பு ஓலை வேய்ந்த வீட்டில் இருந்தோம். தேக்கா மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குவது என் வேலை. குழாய் மேட்டுக்குக் கீழே சாலையோரம் இருந்தது. மேலே குடியிருந்த எல்லோருக்கும் அது ஒன்றுதான். மழை பெய்தால் செம்மண் வழுக்கும். என் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். நான் விடியுமுன் வேலைக்குப் போய்விடுவேன். தண்ணீர் வரிசை அதற்குப் பிறகுதான் நகரும். வாளியைத் தூக்கிக்கொண்டு அவள்தான் ஏறினாள்.

ஏதோ ஒரு வெளிநாட்டு அரசாங்கம் எங்களைப் போன்றவர்களுக்கு உதவி செய்யப்போகிறது, அதற்காக ஒரு துரை பார்க்க வருகிறார் என்றார்கள். எங்கள் பகுதிக்குப் பெரியவராக இருந்த மேஸ்திரி வீடு வீடாக வந்து, வாசலைக் கழுவி வைக்கச் சொன்னார். அதற்காகவும் அவள் ஒரு நடை கூடுதலாக இறங்கி ஏறினாள்.

துரைக்கு மாலை போட்டோம், சோடா கொடுத்தோம். உங்களுக்கு என்ன தேவை என்று, கூட வந்த தமிழ்க் குமாஸ்தா மூலம் கேட்டார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு, ஒரு குறையும் இல்லை என்றார். யாரும் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் முன்னால் இன்னது இல்லை என்று சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. என் மனைவி மட்டும் பெண்கள் பக்கத்திலிருந்து சொன்னாள்.

"மேல ஒரு குழா போட்டுக் குடுத்தா போதும் சார்."

மேஸ்திரி திரும்பினார். "வந்தவரு இன்னும் சோடாவே குடிச்சு முடிக்கல, அதுக்குள்ள கைய நீட்டுறியேம்மா."

சிலர் சிரித்தார்கள். குமாஸ்தாவும் சிரித்துவிட்டு, அவள் சொன்னதை மொழிபெயர்க்காமலே விட்டுவிட்டார். துரை எங்கள் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

அடுத்து வந்த மழையில் அவள் வாளியோடு சறுக்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இல்லை.

பிறகு உதவி வந்தது. லாரியில் தையல் மெஷின்கள். எங்கள் பெண்கள் சுறுசுறுப்பானவர்கள், தொழில் கற்றால் முன்னேறுவார்கள் என்று துரை சொன்னாராம். மெஷின்களைக் குறை சொல்லமாட்டேன். அவற்றை வைத்துப் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் எது முதலில் வேண்டும் என்பது, கீழேயிருந்து ஒருமுறை தண்ணீர் தூக்கி வந்தவருக்குத்தான் தெரியும். உதவி செய்கிறவர்களிடம் நான் இன்றும் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

தையல் வகுப்பில் என் மனைவியையும் சேர்த்தார்கள். முதல் பாடம் எளிதாக இருக்கட்டும் என்று, டீச்சர் கைக்குழந்தைச் சட்டை தைக்கக் கொடுத்தார். அவள் தைத்து முடித்து, மடித்து, அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் போகவில்லை. தண்ணீர் எடுக்கவே நேரம் சரியாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினாள்.