அண்ணன் கலக்காத எண்ணெய்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, புறப்படும் நேரத்தில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். முன் பக்கங்களில் மற்றவர்கள் அண்ணனைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் உண்மை. நான் எழுதப்போவதும் உண்மைதான். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் எனக்குத் தலை நிமிரவில்லை. பாதியில் மூடி வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திருநாவலூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பத்துக்கு மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பத்தாம் வகுப்பு முடித்திருந்தார். நான் மூன்றாம் வகுப்பு. அடுத்த மாதமே கள்ளக்குறிச்சிக்கு வந்து ஓர் எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கினார். அவர் மூட்டை தூக்கியதால்தான் நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். பட்டம் வாங்கியவள் நான், எண்ணெயைப் பற்றித் தெரிந்தவர் அவர். இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், மோட்டாரில் ஓடும் மரச்செக்கு ஒன்றைப் போட்டுச் சொந்தக் கடை வைத்தார். பூச்சிமருந்து அடிக்காத எள்ளை மணலூர்பேட்டைப் பக்கத்து விவசாயிகளிடம் போய் வாங்குவார். இலுப்பைக் கொட்டையும் புங்கங்கொட்டையும் கல்வராயன் மலையிலிருந்து வரும். மலைக்காரர்கள் முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்கினால், முதலில் அவர்களுக்கு டீ, பிறகுதான் கொட்டையைப் பார்ப்பார். ஒன்றை எடுத்து நகத்தால் கீறி மோந்து பார்ப்பார். பூஞ்சை வாடை துளி இருந்தாலும் அந்த மூட்டை செக்குக்குப் போகாது.

சமையலுக்கு எண்ணெய் வாங்கப் பெண்கள் வருவார்கள். ஆனால் அண்ணனின் பெயர் பரவியது ஆண்களால்தான். கரும்பு வெட்டுகிறவர்கள், சிமென்ட் வேலை செய்கிறவர்கள், லாரி ஓட்டுநர்கள் என்று வருவார்கள். சவரம் செய்த இடமெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக இருக்கும். குதிகால் வெடித்திருக்கும். இருந்தாலும் தமக்கு என்று வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.

"வூட்டுக்காரிக்குங்க. மூஞ்சிக்குத் தடவ எதுனா நல்ல எண்ணெ குடுங்க" என்றார் ஒருவர்.

அண்ணன் அவர் தாடையைப் பார்த்தார். "ஏங்க, வூட்டுக்காரம்மாவுக்குத் தாடி வளருதா?" என்றார். கடையே சிரித்தது. அந்த மனிதரும் சிரித்துவிட்டு முகத்தைக் காட்டினார்.

சிரித்து முடித்ததும் அண்ணன் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். சவரம் செய்து முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் இரண்டு சொட்டு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தொட்டு ஒற்ற வேண்டும்; தோல் இழுக்காது, எரியாது. தாடி முரடாக இருந்தால் நல்லெண்ணெயில் சிறிது விளக்கெண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம். வெடித்த குதிகாலுக்கு இலுப்பை எண்ணெய். எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். "எண்ணெ தோலுக்குத் துணைங்க, மருந்து இல்ல. புண்ணு கிண்ணு இருந்தா டாக்டராண்ட போங்க" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வருகிற வியாபாரத்தைக் கையால் தள்ளும் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு தடவை லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் கறுத்துப்போய் இருந்தது. முகம் பளிச்சென்று ஆகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எலுமிச்சைத் தோலைப் பிழிந்து தேய்த்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணனுக்கு அது ஒரு பாடம். எலுமிச்சைத் தோல் எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் படக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்வார். என்னிடமும் சொன்னார். வீட்டில் சோப்பு செய்து பார்ப்பதற்காக நான் அந்த எண்ணெயில் சிறிய புட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும், "சோப்போட நிறுத்திக்கோம்மா. மூஞ்சிக்கு மட்டும் வெச்சிடாத" என்றார். சரி என்றேன்.

இப்போது என் வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

எனக்குத் திருமணமாகி மணலூர்பேட்டைக்கு வந்த சில ஆண்டுகளில் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம் வைத்தார்கள். நலங்குக்கு எண்ணெய் என் பிறந்த வீட்டிலிருந்து வரட்டும் என்று அத்தை, அதாவது என் மாமியார், பெருமையாகச் சொன்னார்கள். அண்ணன் தானே ஆட்டிய நல்லெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் கலந்து ஒரு புட்டி அனுப்பினார். என் ஓரகத்தி அதைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வாசனையே காணோம். கடையில இத விட நல்லதா கிடைக்குமே" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் பிறந்த வீட்டு எண்ணெய் அந்த வீட்டையே மணக்க வைக்க வேண்டும் என்று, யாரும் இல்லாத நேரம் பார்த்து, எலுமிச்சைத் தோல் எண்ணெயை அதில் பாதிப் புட்டி ஊற்றிக் குலுக்கினேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே நலங்கு. எல்லோரும் வாசனையைப் புகழ்ந்தார்கள். நான் பூரித்துப் போனேன். மறுநாள் காலையில் கொழுந்தனார் குளித்துவிட்டு வந்தபோது அதே புட்டியை நீட்டி, "தாராளமா தடவிக்கோங்க தம்பி, தாடி மின்னட்டும்" என்று நானே சொன்னேன். அவரும் கை நிறைய ஊற்றித் தடவிக்கொண்டு குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனார். உச்சி வரைக்கும் வெட்டவெளி வெயில்.

மாப்பிள்ளை அழைப்பன்று அவருடைய கன்னங்கள் சிவந்து கொப்பளித்திருந்தன. தாடை ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஏதோ தோல் வியாதி, மறைத்துவிட்டார்கள் என்று பெண் வீட்டார் மண்டபத்தில் கூடிக் கூடிப் பேசினார்கள். கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. அத்தை அந்தப் புட்டியைக் கொண்டுவந்து எல்லோர் எதிரிலும் அண்ணனிடம் நீட்டி, "இந்த எண்ணெயில இன்னா கலந்தீங்க?" என்று கேட்டார்கள்.

சீர்த் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்த அண்ணன் புட்டியை வாங்கித் திறந்து மோந்தார். உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் கலந்தேன் அத்தே. எலுமிச்ச தோல் எண்ணெ. வெயில்ல ஆகாதுன்னு தெரியாம பண்ணிட்டேன்" என்றார். பிறகு பெண் வீட்டார் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "மாப்பிள்ளைக்கு வியாதி கியாதி ஒண்ணும் இல்லீங்க. எங்க வேணா டாக்டராண்ட காட்டிக் கேளுங்க. வெயில் படாம இருந்தா கொஞ்ச நாள்ல மாறிடும். தப்பு என்னுது."

மருத்துவரும் அதையே சொன்னார். கல்யாணம் நடந்தது. சில மாதங்களில் கறுப்பும் போய்விட்டது. அண்ணன் மேல் விழுந்த கெட்ட பெயர் மட்டும் போகவில்லை. மணலூர்பேட்டையில் அவர் எண்ணெயை வாங்குவோர் இல்லாமல் போனார்கள். நான் அடுத்த வாரம் தொலைபேசியில் அழுதேன், எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வுடும்மா. நான் கள்ளக்குறிச்சில இருக்கறவன். நீ அவங்க மூஞ்சில தெனம் முழிக்கணும்" என்றார் அண்ணன்.

அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

என் மகள் பெரியவளானபோது நடந்ததை எழுதக் கை கூசுகிறது. மஞ்சள் நீராட்டில் பச்சை ஓலையில் குச்சுக் குடிசை கட்டுவதும், முதல் சந்தனம் பூசுவதும் தாய்மாமன் உரிமை. "அவரு கையால பொண்ணு மேல எதுவும் தடவ வேணாம்" என்று அத்தை சொல்லிவிட்டார்கள். தூரத்து முறையில் வேறொரு மாமனை நிறுத்தினார்கள். அண்ணன் பட்டுப்புடவையும் தட்டுமாக ஷேர் ஆட்டோவில் வந்து, வாசலிலேயே கொடுத்துவிட்டு, மருமகளைக் கூடப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார். நான் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். அடுத்த இலைக்கு ஊற்றினேன்.

கடைசியாக அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானது. உடம்பெல்லாம் வறண்டு அரிப்பெடுத்தது. அண்ணன் மகள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அவர் கைகால்களுக்குத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். ஒருநாள் என் கணவரும் நானும் கட்டிலருகே இருந்தோம். சொல்ல வேண்டிய இடம், கேட்க வேண்டிய ஆள், எல்லாம் அமைந்திருந்தது. வாயைத் திறந்தேன். "கஞ்சி கொஞ்சம் குடிக்கிறியாண்ணா?" என்றுதான் வந்தது. அண்ணன் என்னையே பார்த்துவிட்டு, குடிக்கிறேன் என்று தலையசைத்தார். நான்கு நாளில் போய்விட்டார்.

சாவு வீட்டில் என் புகுந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் பேசியது என் காதில் விழுந்தது. "தங்கமான மனுசன். அந்த எண்ணெ விசயம் ஒண்ணுதான் அவருக்குக் கறை." அண்ணிக்கும் அது கேட்டது. அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் அப்போதும் பேசவில்லை.

இந்த மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோதுதான், இனியும் பொய் எழுத முடியாது என்று பட்டது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனுக்கும் எனக்கும் தெரிந்தது அண்ணிக்கும் தெரிந்திருக்கும் என்றே இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தேன். அண்ணி முறத்தைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா சொல்ற? எங்கிட்டயும் அவரு தான்தான் கலந்தேன்னு சொன்னாரு. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு நீ ஏன்யா இப்பிடிப் பண்ணேன்னு நானும் திட்டிக்கினேதான் இருந்தேன். அவரும் வாங்கிக்கினே போய்ட்டாரே" என்று சொல்லி அழுதார். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அண்ணனை மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் தூக்கிச் சுமந்த கடைத்தெரு நண்பர்களுக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து அவர் தலைமாட்டில் நின்ற கொட்டை வியாபாரிகளுக்கும், செக்கை நிறுத்தாமல் நடத்திவரும் அண்ணன் மகளுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

என் புகுந்த வீட்டு உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். என்னிடம் வந்து எதுவும் கேட்க வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். அண்ணி உள்ளே பந்தி நடத்திக்கொண்டிருக்கிறார். புறப்படும் முன் அவரிடம் போய், உங்கள் வீட்டுக்காரர் மேல் தப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அத்தைக்குக் கண் மங்கிவிட்டதால் அவர்களால் இதைப் படிக்க முடியாது. நானே பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அவர்களைக் கைப்பிடித்து அண்ணியிடம் அழைத்து வருகிறேன்.

கண்ணீருடன்,
தங்கை