நான் மாற்றிய பார்ட்டிஷன்

கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏறவில்லை. பூட் டிரைவைப் பகுதிகளாகப் பிரித்திருக்கும் பார்ட்டிஷன் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறதாம், ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றவேண்டுமாம்.

சர்வீஸ்காரரிடம் போனில் சத்தமாகவே கேட்டேன். "அப்ப பழைய பார்ட்டிஷன் செல்லாதுங்களா? மாத்தினா இருக்கறது எதுவும் போயிடாதுங்களே?"

போகாது என்றார். அவர் சொல்லச் சொல்ல மாற்றினேன். ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

நிமிர்ந்தால் மொரப்பூரிலிருந்து கொழுந்தனார் போன்.

"ஏனுங்க அண்ணி, பாகம் பிரிச்சு இத்தனை வருசம் கழிச்சு பார்ட்டிஷன் செல்லாதுன்னா எப்படிங்க? அம்மா போன்ல அழுவுறாங்க."

அடுத்த அறையில் இருந்த மாமியார் நான் பேசியதைக் கேட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

அது கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று பொறுமையாக விளக்கினேன். "சரிங்க அண்ணி, உங்கள நம்பாம இருப்பேனுங்களா?" என்றார். பிறகு, "என் பங்குக்கு வந்த கெணத்து மேட்டுக்கு ஒண்ணுமில்லீங்களே?"

இத்தனை வருடம் ஒரே குடும்பமாக இருந்து, இவ்வளவுதான் நம்பிக்கை. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அத்தை இன்னும் காப்பியைத் தொடவில்லை. "கம்ப்யூட்டருக்குள்ள எங்கடி வந்துச்சு பார்ட்டிஷன்?" என்கிறார்.

எளிமையாக விளக்கத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறேன். தயவுசெய்து நிலத்தை மட்டும் உதாரணம் சொல்லாதீர்கள்.