ஒயர் இல்லாத முள்ளு

எனக்கு எழுபத்தாறு வயசு. பெத்தது ஆறு, செத்துப்போன தங்கச்சி மகன் ஒண்ணு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்குனவ. பேய் பிசாசுன்னா சிரிச்சுட்டுப் போற ஆளு நான். கல்லறைத் தோட்டத்து வழியா தனியா எத்தனையோ தடவை நடந்திருக்கேன், ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல. இதை நம்பாதவுக நம்பாமலே வாசிங்க, எனக்கொண்ணும் குறையில்ல.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம், வருசம் சரியா நினைப்பில்ல. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுல கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. கரண்டு அடிக்கடி போகுதுன்னு மில்லுக்காரவுக சொந்தமா ஒரு கேஸ் இன்ஜின் போட்டிருந்தாக. தேங்காச் சிரட்டையையும் கருவேல விறகையும் உலையில மூட்டம் போட்டா கேஸ் வரும், அதை ஆறு பெரிய தொட்டியில வடிகட்டி இன்ஜினுக்கு விடுவாக. டீசல் மாதிரி கரும்புகை கக்காதுன்னு அம்புட்டுப் பெருமை. நெசந்தான், புகைக்குழாய்ல ஒண்ணுமே தெரியாது. ஆனா அந்த கேஸுல கண்ணுக்குத் தெரியாத விஷம் உண்டு, மூச்சுல ஏறுனா தூக்கம் மாதிரி ஆளைச் சாச்சுப்புடும்.

தொட்டிக்கு ஒண்ணா சுவத்துல ஆறு வட்டக் கண்ணாடி, உள்ள சூடு காட்டுற முள்ளு. தினமும் துடைக்கிறவ நான்தான். எனக்கு எழுத்துதான் தடுமாறும், இதைக்கூட நான் சொல்லச் சொல்ல பேத்தி ரோசிதான் எழுதுறா. ஆனா முள்ளு தடுமாறாது. இன்ஜின் ஓடுனா பத்து மணி மாதிரி நிக்கும், நிறுத்துனா ஏழு மணிக்கு இறங்கிரும்.

அன்னைக்கு தொட்டி கழுவுற நாள், இன்ஜின் ஓடல. பேகம்பூர் எலக்ட்ரீசியன் சாகுல் முள்ளு ஒயரெல்லாம் கழட்டிப் போட்டிருந்தான். தொட்டி கழுவுறது என் கடைசி மக வீட்டுக்காரன் பவுலு. மத்தியானம் ஆளைக் காணோம். டீக்கடைக்குப் போயிருப்பான்னு எல்லாரும் சொல்ல, நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அப்பத்தான் பாத்தேன். மூணாவது முள்ளு ஏறுது, இறங்குது. மறுபடி ஏறுது, முன்னைவிடக் கொஞ்சம் கம்மியா.

"சாகுலு, இங்க வாப்பா!"

"ஒயரே இல்லம்மா, முள்ளு எப்படி ஆடும்?"ன்னு சிரிச்சுக்கிட்டே வந்தவன் கண்ணாடியப் பாத்ததும் கழட்டிப் போட்ட ஒயர் நுனியக் கையில எடுத்துப் பாத்தான்.

அந்நேரம் பாத்து கரண்டு போச்சு. மில்லு நின்னுருச்சு. சூப்ரவைசர் ஓடியாந்து, "மூடியப் போட்டு இன்ஜின ஓட்டுங்கடா"ன்னு கத்துறான். கழட்டிக் கீழ வச்சிருந்த மூணாவது தொட்டி மூடி மேல நான் போயி உக்காந்துட்டேன்.

"ஏம்மா, கண்ணாடி துடைக்கிறவ இன்ஜினீயர் ஆயிட்டியா? எந்திரி!"

"ஏழு பிள்ளை நெஞ்சுல கை வச்சுப் பாத்து வளர்த்தவடா நான். அது முள்ளு ஆடல, மூச்சு. உள்ள பாரு!"

சாகுல்தான் டார்ச் அடிச்சான். அடியில ஒரு காலு தெரிஞ்சது. மூக்குல ஈரத்துண்டைக் கட்டிக்கிட்டு கயிறு விட்டு இழுத்தாக. பவுலு மூஞ்சி செவசெவன்னு இருந்துச்சு. வெளிய போட்டு செத்த நேரம் கழிச்சு இருமினான். நான் திரும்பிப் பாக்குறேன், மூணாவது முள்ளு பொத்துனு விழுந்து கிடக்கு. அதுக்கப்புறம் அசையல. பவுலு பொழச்சுக்கிட்டான், இன்னைக்கும் என் கையால சாப்பிடுறான்.

இம்புட்டோட முடிஞ்சிருந்தா நான் எழுதவே சொல்லியிருக்க மாட்டேன்.

பவுலை ஜீப்புல ஏத்திவிட்டுட்டு சோத்து வாளிய எடுக்க உள்ள போனேன். அஞ்சாவது முள்ளு ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. சாகுலைக் கூப்பிட்டு தொட்டியத் திறக்கச் சொன்னேன். அவன் டார்ச்சோட தலைய விட்டு மூலை மூலையாப் பாத்தான். யாருமில்ல. "ஆள் கணக்கு சரியா இருக்கும்மா, வீட்டுக்குப் போ"ன்னான், ஆனா அவன் கண்ணு கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்ல. மூடியப் போட்டாக. ஒயரை மாட்டி இன்ஜின ஓட விட்டாக. மூடுற வரைக்கும் அது மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஓடுனப்புறம் மத்த முள்ளு மாதிரியே பத்து மணியில போயி நின்னுருச்சு.

மூடச் சம்மதிச்சு நின்னவ நானு. உள்ள யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

ஏ ரோசி, இதை ஒருக்கா வாசி தாயி. மெதுவா வாசி.