குதிகாலைத் தொட்டுப் பார்த்த கண் டாக்டர்

நாத்தனாரின் கண்ணைக் காட்டத்தான் அன்று மூன்று பேரும் கிளம்பினோம். அவள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். போர்டில் எழுதுவதெல்லாம் புகை மூடினாற்போல் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். என் கணவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். தங்கைக்கு ஒன்று என்றால் உடனே ஆபீசுக்கு லீவு சொல்லிவிடுவார்.

நாங்கள் குடியிருக்கும் ஈஜிபுராவில் ஆட்டோ பிடித்துப் போய் மருத்துவமனை வாசலில் இறங்கும்போது, என் கணவர் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனு சார், பெளிகேனே எண்ணெயா?" என்று ஆட்டோக்காரர் சிரித்தார். காலையிலேயே எண்ணெயா என்று கன்னடத்தில் கேட்கிறார்; இங்கே எண்ணெய் என்றால் சாராயம். என் கணவர் ஒரு சொட்டுகூடக் குடித்தவரில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகவே அவர் நடை இப்படித் தள்ளாட ஆரம்பித்திருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், வைட்டமின் கொடுத்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

கண் டாக்டர் கன்னடக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். தமிழ் நன்றாகவே பேசினார். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புரை ஆரம்பிச்சிருக்கே! இந்த வயசுக்கு வரக்கூடாதே. வீட்டுல வேற யாருக்காவது சின்ன வயசுல வந்திருக்கா?" என்றார்.

"எங்க அண்ணனுக்கு வந்துச்சு மேடம். ஸ்கூல் படிக்கும்போதே ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன். வெளியதான் உக்காந்துனு இருக்காரு."

"கூப்பிடுங்க."

அவர் காலை அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். டாக்டரின் பார்வை அவர் கண் பக்கமே போகவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒந்து நிமிஷ, சார். ஷூவைக் கழட்டுங்க."

கண் ஆஸ்பத்திரியில் ஷூவை எதற்குக் கழற்ற வேண்டும்? அவர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். டாக்டர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, குதிகாலுக்கு மேலே இருந்த தசைநாரை அழுத்திப் பார்த்தார். இரண்டு காலிலும் அங்கே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியாக வீக்கம் உண்டு. ஷூ கடித்துக் கடித்துத் தடித்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"சின்ன வயசுல அடிக்கடி லூஸ் மோஷன் போகுமா?"

அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் கூச்சத்தோடு, "ரெண்டு பேருக்குமே மேடம். இப்பவும்தான். எங்க குடும்ப வயிறே அப்படின்னு அம்மா சொல்லும்" என்றாள்.

டாக்டர் எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. "சாரி, நான் சந்தோஷப்படக் கூடாது. ஆனா கண்ணு, வயிறு, குதிகால், நடை எல்லாமே ஒரே விஷயமா இருக்கலாம்! நான் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன்."

அதன்பிறகு அவர் சொன்னதை நான் மூச்சுவிடாமல் கேட்டேன். நம் ஈரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றுகிறது. அந்த வேலையில் ஒரு நொதிக்குப் பங்கு உண்டு. ஸ்டீரால் 27-ஹைட்ராக்சிலேஸ் என்று பெயர். அது வேலை செய்யாவிட்டால் கொலஸ்ட்ராலுக்குப் பங்காளி மாதிரி இன்னொரு கொழுப்பு உடம்பில் சேரும். கண்ணின் லென்ஸைக் கெடுக்கும், தசைநாரில் படியும், கடைசியில் மூளைக்கும் போகும். வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்டில் இது தெரியாது.

"மருந்து இருக்கா?" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"இருக்கு! உடம்பு செய்யாத அந்தப் பித்த அமிலத்தையே கேப்ஸ்யூலா தருவாங்க. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது." சொல்லிவிட்டு நாத்தனாரைப் பார்த்தார். அவளுக்கு நடை இன்னும் கெடவில்லை, குதிகாலும் சாதாரணமாகத்தான் இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கணவருக்கு என்னைவிட முன்னாலேயே புரிந்துவிட்டது. தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இவளுக்கு வராம தடுத்துடலாமா டாக்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தன்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பி, மரபணுவையும் சோதித்தார்கள். முடிவு வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வராந்தாவுக்கு ஓடிப்போய் போனை எடுத்தேன். "அதேதான்! ரெண்டு பேருக்கும் அதேதான்!" என்று என் கணவர் கத்தினார். நானும் கத்திவிட்டேன். நோய் உறுதியானதற்கு யாராவது இப்படிக் குதிப்பார்களா? நாங்கள் குதித்தோம்.

மாமியார் மட்டும் குதிக்கவில்லை. அவர் தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். "அப்போ எங்க மாமனைக் கட்டினதுதான் தப்பா?" என்று நரம்பு மருத்துவரிடமே கேட்டார்.

"தப்புன்னு ஒண்ணும் இல்லம்மா. உங்க ரெண்டு பேர்கிட்டயும் அந்த மரபணுவுல ஒரு காப்பி பழுது. அதனால உங்களுக்கு ஒண்ணும் ஆகல. இவங்களுக்கு ரெண்டு காப்பியும் பழுதா வந்துடுச்சு" என்றார் அவர். மாமியார், "மாத்திரையை எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார்.

மருந்து உள்ளூர்க் கடைகளில் இல்லை. மருத்துவமனை மூலமாக வரவழைத்துக் காத்திருந்து ஆரம்பித்தோம். முதலில் அடங்கியது வயிறுதான். நாத்தனார் கல்லூரித் தோழிகளோடு பஸ்ஸில் மைசூருக்குப் போய்விட்டு வந்து, வழியில் எங்கேயும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை என்பதைக் கதை கதையாகச் சொன்னாள். கண்ணில் வந்த புரை மருந்தால் போகாது. அதற்கு ஆபரேஷன் ஆயிற்று. என் கணவரின் குதிகால் வீக்கம் பெரிதாகக் குறையவில்லை. கேப்ஸ்யூல் வாழ்நாள் முழுக்க உண்டு.

ஆனால் போன மாதப் பரிசோதனையில் நரம்பு மருத்துவர் அவரைக் ஒரு காலின் குதிகால் மறு காலின் நுனியை ஒட்ட வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அவர் அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை எதையும் பிடிக்காமல் நடந்தார். நடுவில் ஒருமுறை ஆடினார், விழவில்லை. டாக்டர் கை தட்டிவிட்டார்.

"டாக்டர், இன்னொரு தடவை நடந்து காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்.