பந்து தெரியாத போன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருக்கும் ஆட்களிடம் கருத்துக் கேட்டு, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு கடைக்குச் சரக்குப் போட வைத்த முட்டாள் ஹட்டன் பஜாரில் நான் ஒருவன்தான். அந்த நிலையில் நிற்கும் மனிதனிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் சின்னதாகத்தான் வேண்டும் என்பான். குடை சின்னதாக வேண்டும், பை சின்னதாக வேண்டும், பக்கத்தில் நிற்கிற ஆளும் கொஞ்சம் சின்னதாக இருந்தால் நல்லது என்பான். இது என் மண்டையில் ஏற ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

நான் வேலை செய்வது ஹட்டனில் ஒரு போன் கடையில். வெளியே யாராவது கேட்டால் விற்பனைப் பிரிவில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் போன்களின் முகத்தில் கண்ணாடி ஒட்டுகிறவன். வருஷக்கணக்காக ஒட்டியும் எப்படியோ ஒரு மூலையில் காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொள்ளும். "ரெண்டு நாள்ல அதுவா போயிரும்" என்று சொல்லி அனுப்புவேன். குமிழி போகாது. வாடிக்கையாளர்தான் வேறு கடைக்குப் போவார்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. மொதலாளி அவ்வப்போது வேனில் கொழும்புக்கு இறங்கி, புறக்கோட்டை மொத்தக் கடைகளில் போன்களைத் தெரிவுசெய்து கொண்டுவருவார். அந்த வேனில் அவருக்குப் பக்கத்துச் சீட்டில் நானும் உட்கார வேண்டும். மொத்தக் கடையில் மேசைக்கு முன்னால் நின்று, "இது வேணாம், அத எடுங்க" என்று விரலை நீட்ட வேண்டும். அவ்வளவுதான். கண்ணாடி ஒட்டி ஒட்டித் தேய்ந்துபோன அந்த விரலுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

அதற்கு வழி பஸ்ஸில் கிடைத்தது என்று நினைத்தேன்.

வீடு டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. பொகவந்தலாவையிலிருந்து வருகிற காலை பஸ், எங்கள் சந்திக்கு வரும்போதே பிதுங்கிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு கைதான் சொந்தம். மற்றக் கை வெளியே இருந்தால் குடைக்கு, உள்ளே ஏறினால் கம்பிக்கு. அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு, பலகை மாதிரி இருக்கும் இந்தக் காலத்துப் போனை எப்படி ஆளுவது? வளைவுக்கு வளைவு யாராவது ஒருவர் தன் போனைத் தவறவிடுவார். ஊரே குனிந்து தேடும்.

என் காலை மிதித்துக்கொண்டே பயணம் செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "தம்பி, இதுல மேல் மூலைய தொடணும்னா இன்னொரு கட்டவெரலு மொளைக்கணும். சின்னதா ஒண்ணு இருந்தா சொல்லுங்க."

"இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று சிங்களத்தில் கத்தி எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்த கண்டக்டர் அதைக் கேட்டுவிட்டு நின்றார். தம்பி என்பதற்கு அவர் மல்லி என்பார். "மல்லி, குனிஞ்சா பொக்கட்டுல இருந்து விழுது. சின்னது கொண்டாங்க, நாளைக்கே எடுக்கிறேன்."

வீட்டிலும் அதே பாட்டுத்தான். என் மனைவி கொழுந்து எடுக்கிறவள். ஒருநாள் மலையிலிருந்து வந்ததும் போனைக் கட்டிலில் எறிந்தாள்.

"ரவிக்கைக்குள்ள வச்சா செங்கல்லு வச்ச மாதிரி இருக்கு. இடுப்புல சொருவுனா குனியிற நேரமெல்லாம் வயித்துல குத்துது. கைக்கு அடக்கமா ஒண்ணு கெடைக்காதா?"

"பட்டன் போன் எடுத்துத் தரவா?"

"அதுல வாட்ஸ்அப்பு வருமா? குவைத்துலருந்து தங்கச்சி பேசி அனுப்புறத நான் எதுல கேக்குறது, ஒங்க காதுலயா?"

ஆக, சின்னதாக இருக்க வேண்டும், டச் போனாகவும் இருக்க வேண்டும். ஊரின் தேவையை முதலில் கண்டுபிடித்தவன் நான். மொதலாளி முன்னால் போய் நின்றேன்.

"மொதலாளி, சனமெல்லாம் சின்ன டச் போன் கேக்குறாங்க."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "எங்க வெச்சிக் கேட்டாங்க?"

"பஸ்ஸுல."

"கடைல?"

"கடையில இன்னும் கேக்கல. ஆனா கேப்பாங்க."

"தம்பி, நான் இந்த யாவாரத்துல முடி நரச்சவன். சனம் வாயால ஒண்ணு கேக்கும், கையால வேறொண்ண எடுக்கும்."

நான் விடவில்லை. தினமும் கண்ணாடி ஒட்டிக்கொண்டே காதில் ஓதினேன். கடைசியில் தொல்லை தாங்காமல் இறங்கி வந்தார்.

"சரி. ஒரு டசன் போடுறன். தீவாளிக்குள்ள வித்து முடிங்க. முடிச்சா அடுத்த தடவ என்னோட கொழும்புக்கு வாங்க, சாமான நீங்களே பாத்து எடுங்க. முடிக்காட்டி, இனி இந்த வாயத் தொறக்காம கிளாஸ ஒட்டிட்டு இருக்கணும். சரியா?"

நான் சரி என்று சொன்ன வேகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடி கோணலாகிவிட்டது.

பன்னிரண்டும் வந்தன. கண்ணாடி அலுமாரியில் பெரிய போன்களுக்கு நடுவே வைத்தபோது, அவை எல்லாம் நேற்றுப் பிறந்தவை போல இருந்தன. "கைக்கு அடக்கமான டச் போன்" என்று நானே அட்டை எழுதி மாட்டினேன். அன்று மாலையே மனைவியிடம் ஒன்றைக் காட்டிப் பெருமை அடித்தேன். "சின்னதுன்னு நெனைக்காத. கேம் வெளையாடலாம், மேட்ச் பாக்கலாம், எல்லாம் வரும்." அவள் வாங்கிப் பார்த்தாள். உள்ளங்கையில் வைத்து மூடினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, திருப்பித் தந்துவிட்டாள். "பாப்போம்." கட்டின பெண்டாட்டியே பார்ப்போம் என்றால் வியாபாரம் எப்படி உருப்படும்?

கண்டக்டர் வந்தார். "ஆ, நல்லா இருக்கு மல்லி!" என்று பொக்கட்டில் போட்டுப் பார்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார், இரண்டு குதி குதித்தார். விழவில்லை. கை கொடுத்துப் பாராட்டிவிட்டு, பக்கத்திலிருந்த பெரிய போனை எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் நாடகம் பார்க்க வேண்டுமாம்.

ஆசிரியர் வந்தார். கட்டைவிரல் நான்கு மூலைக்கும் எட்டியது. குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு ஒரு செய்தியைத் திறந்தார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார், கையை முழுக்க நீட்டினார், மறுபடி மூக்குக்கே வந்தார். "எழுத்தா இது, எறும்பா?" என்று கேட்டார். அவரும் பெரியதுதான் எடுத்தார். அதற்கும் நான்தான் கண்ணாடி ஒட்டினேன். குமிழி மாட்டியது.

உச்சகட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. டிக்கோயாவிலிருந்து ஒரு குடும்பம் மொத்தமாக வந்தது. மூத்த மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாளாம். அவள் வீடியோவில் கூப்பிடும்போது எல்லாரும் தெரிவார்களா என்று பார்க்க வேண்டும் என்றார் தகப்பன். நான் உற்சாகமாக எல்லோரையும் கடைச் சுவரோரம் நிறுத்தி, சின்னப் போனை மேசையில் சாய்த்து வைத்தேன்.

"சித்தப்பா, கொஞ்சம் உள்ள வாங்க."

"இதுக்கு மேல எங்கடா வாறது? செவுத்துக்குள்ளயா?"

"அம்மா, மண்டைய எறக்குங்க!"

"நான் எறக்குனா பாப்பா தெரிய மாட்டேங்குதே."

எப்படி நிறுத்தினாலும் சித்தப்பாவின் பாதிக் கன்னம் வெளியேதான் நின்றது. "அக்கா வெளிநாடு போறதுக்கு முந்தியே சித்தப்பாவோட பேச்சு இல்ல, பாதி போதும்" என்றாள் ஒரு மகள். சித்தப்பா கோபித்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அவரைச் சமாதானப்படுத்த, கடையிலேயே மிகப் பெரிய போனை எடுத்தார்கள். அதில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சித்தப்பா நிற்க இடமிருந்தது.

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. பஸ்ஸில் பேசியது ஒரு கை. கடைக்கு வருவது ஒரு குடும்பம். லயத்தில் போன் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. தண்ணீர்ப் பீலி மாதிரி, எல்லோரும் முறைவைத்து வந்து நிற்பார்கள்.

விளங்கி என்ன பயன்? பன்னிரண்டும் பன்னிரண்டாகவே இருந்தன. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மொதலாளி காலையில் கடை திறந்ததும் அலுமாரியை எட்டிப் பார்ப்பார். "தம்பி, குஞ்சுகளுக்கு தீனி வெச்சீங்களா?" என்பார். மத்தியானம் தேநீர் வரும்போது, "குஞ்சுகளுக்கும் ஒண்ணு சொல்லவா?" என்பார். நான் கண்ணாடியை ஒட்டினேன்.

தீபாவளிச் சம்பளம் வந்த சனிக்கிழமை, எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். என் மனைவியோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர். சின்னப் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல கேம் நல்லா வருமா?"

"அருமையா வரும்க்கா!"

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "நாடகம்?"

"சினிமா கொட்டகை மாதிரி இருக்கும்க்கா."

"கிரிக்கெட்டு?"

"கிரவுண்டுல நிக்கிற மாதிரி!"

"ஓ" என்று போனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

கொழும்பு வேன் என்னை விட்டுவிட்டுப் போவது கண் முன்னால் தெரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அக்கா, உண்மைய சொல்லவா? மேட்ச் பாக்க ஒண்ணுத்துக்கும் ஆகாது. பந்தே தெரியாது. நாடகத்துல யாரு மாமியா, யாரு மருமகள்னு தெரியாது. கேம் வெளையாடுனா பசங்க அஞ்சு நிமிசத்துல தூக்கி எறிஞ்சிருவாங்க."

அக்கா வாசலில் நின்றார். திரும்பினார். "பந்து தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

"பசங்க தொட மாட்டாங்களா?"

"தொட்டாலும் திருப்பி குடுத்துருவாங்க."

"அத மொதல்ல சொல்ல வேண்டியதுதானே! குடுங்க ஒண்ணு."

வாயைப் பிளந்து நின்ற எனக்கு அவரே விளக்கினார். வீட்டில் ஒரு பெரிய போன் இருக்கிறது, அவருடைய உழைப்பில் வாங்கியது. காலையில் மகன், பின்னேரம் மகள், விளக்கு வைத்ததும் மாமியாருக்கு நாடகம், அதற்குப் பிறகு வீட்டுக்காரருக்கு மேட்ச். இவர் கைக்கு வரும்போது சார்ஜ் செத்திருக்கும். கொழும்பில் வேலை செய்யும் மூத்த மகள் பேசி அனுப்புவதை முழு வீடும் கேட்டுச் சிரித்து முடித்த பிறகுதான் இவர் கேட்பார்.

"அவ எனக்குன்னு பேசுறத ஒரு தடவயாவது நான் மொதல்ல கேக்கணும் தம்பி" என்றார். பிறகு போனை உள்ளங்கையில் மூடி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மலையில் இந்தச் செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. மாலையில் இருவர் வந்தார்கள். மறுநாள் மூவர். எல்லோரும் பெண்கள். நானும் வியாபாரத்தின் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, சத்தம் கம்மி. எழுத்து எறும்பு மாதிரி. படம் பாத்தா கண்ணு வலிக்கும்."

"நெசமா?"

"ஒங்க வீட்டுக்காரரு கையில எடுத்தா ஒடனே கீழ வச்சிருவாரு."

"கட்டிக் குடுங்க!"

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மொதலாளி பதறிப்போய் வந்தார். "என்ன தம்பி இது? சாமான ஏசி ஏசி விக்கிறீங்க!"

"ஏசுனாதான் மொதலாளி போவுது."

தீபாவளிக்கு முன்னால் அலுமாரியில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அதை என் கணக்கில் எழுதிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். "இதுல பந்தே தெரியாது" என்றேன், கெட்டிக்காரத்தனமாக. அவள் படக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு காட்டுனப்பவே எடுத்திருக்கலாமே?"

"அன்னைக்கு மேட்ச் தெரியும்னு சொன்னீங்களே. அப்ப யாரு கையில இருக்கும் அது?"

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவளுடைய போனைச் சாயந்தரம் பிடுங்கி, சார்ஜ் சாகும்வரை மேட்ச் பார்க்கும் அந்த ஆள் யார் என்று. பெரிய தேடுதல் ஒன்றும் தேவைப்படவில்லை.

மொதலாளி சொன்ன சொல் மாறவில்லை. தீபாவளி முடிந்ததும் வேனில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன், இஸ்திரி போட்ட சட்டையோடு. கினிகத்தேனை வளைவுகளில் என் காலைச் சாப்பாடு ஒரு ஷொப்பிங் பைக்குள் போய்ச் சேர்ந்தது. அவிசாவளை தாண்டிய பிறகுதான் பேச்சு வந்தது. அங்கிருந்து புறக்கோட்டை வரை, மலைநாட்டுப் பெண்களுக்கு எப்படிப்பட்ட போன் வேண்டும் என்று மொதலாளிக்குப் பாடம் எடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். என் பேச்சுக்கா, அந்தப் பைக்கா என்று தெரியவில்லை.

மொத்தக் கடையில் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். நெஞ்சை நிமிர்த்தினேன். எத்தனையோ நாள் கனவில் நீட்டிய விரலை நீட்டி, எங்கள் பன்னிரண்டில் ஒன்றின் வெறும் பெட்டியைக் காட்டி, "இதுல இந்தத் தடவ அஞ்சு டசன் எடுங்க" என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

கடைக்காரர் தன் பெரிய போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அது நிப்பாட்டியாச்சி, ஒத்தரும் கேக்குறதில்ல."