பூங்காவுக்குள் வரவேண்டிய வெள்ளம்

ஊரில் எந்த நிறப் பனியனுக்கு ஆர்டர் என்பதை, சாயப்பட்டறைக் கழிவு ஓடிய ஒரு காலத்தில் எங்கள் ஓடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது தண்ணீர் தண்ணீரின் நிறத்திலேயே ஓடுகிறது. கண்ணுக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆனது. கரையில் பூங்கா, நடைபாதை, நடுவில் பள்ளமான புல்வெளி. ஓடையை ஒட்டிய சுவரை ஓரிடத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தியிருக்கிறார்கள். வெள்ளம் ஏறினால் அந்த வழியாகப் புல்வெளிக்குள் இறங்கி நிற்கும், மழை விட்டதும் மெல்ல வடியும். வருவாய்த்துறையில் ஆயுளைக் கழித்த நான், அரசாங்கம் யோசித்துச் செய்த காரியத்தைப் பார்த்தால் சற்று சந்தேகத்துடன்தான் பார்ப்பேன். இதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தக் குறையை எங்கள் நடைப்பயிற்சிச் சங்கம் தீர்த்து வைத்தது. போன மழையில் புல்லெல்லாம் சேறானதால், வெள்ளம் பூங்காவுக்குள் வரக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம். நான் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம். திரும்பி வந்து பார்த்தால், தாழ்ந்த சுவரின் மேல் வேஸ்ட் துணி அடைத்த சாக்கு மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இந்த ஊரில் மணலைவிட அதுதான் எளிதில் கிடைக்கும்.

அன்று மாலை, ஓடை வரும் அவிநாசிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், தரைத்தளத்தில் தையல் யூனிட் நடத்தும் பெண்மணி வேகமாக வந்தார். சங்கச் செயலாளரும் நானும் பெஞ்சில் இருந்தோம். செயலாளருக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி உண்டு.

“ஏனுங்ணா, அந்த மூட்டைய எடுத்துருங்க. தண்ணி இங்க எறங்கலைன்னா நேரா எங்க சந்துக்குத்தான் வரும். பூங்கா வர்றதுக்கு முந்தி மிசினெல்லாம் முழுகிப்போச்சு. இன்னொருக்கா ஆச்சுன்னா யூனிட்ட மூட வேண்டியதுதானுங்க.”

“கமிட்டி முடிவுங்க அம்மிணி. நான் ஒருத்தன் எடுக்க முடியுங்களா? ஞாயித்துக்கெழமை மீட்டிங் போட்டுப் பேசலாமுங்க.”

“அப்ப மழையவும் ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க.”

செயலாளர் என் பக்கம் திரும்பினார். “சார், முறைப்படி என்ன பண்ணோணும்?”

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. மனு, கள ஆய்வு, அறிவிப்பு, விளக்கம் தர அவகாசம் என்று விரிவாகச் சொன்னேன். அடுத்த வருட மழைக்குள் முடிந்துவிடும் என்றேன். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

“மூட்டைய வைக்க அனுமதி வாங்குனீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க.”

“அப்ப அரசாங்கக் கணக்குல அங்க மூட்டையே இல்லீங்க. இல்லாததை எடுக்க எதுக்கு மனு?”

சிரித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. “புல்லு இப்பத்தான் புதுசா வெச்சதுங்க சார்.”

“சரிங்ணா,” என்றார் அந்தப் பெண்மணி. “உங்க கம்பெனி வண்டியில தைக்க வந்த பீஸ் கட்டு இன்னும் பிரிக்காமத் தரையிலதான் கெடக்குது. நனைஞ்சா என்னையக் கேக்காதீங்க.”

“என்ர பீஸா? எது?”

“அந்த நேவி புளூதானுங்க.”

செயலாளர் எழுந்து, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நடந்தார். அதற்குள் தூறல் விழுந்து மூட்டைகள் ஊறிவிட்டிருந்தன. ஒவ்வொன்றையும் மூன்று பேரும் சேர்ந்துதான் இழுத்துப் போட்டோம்.

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே?” என்று அந்தப் பெண்மணியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“புல்லு பெருசா, நான் பெருசான்னு பாத்தனுங்க சார்.”

கொஞ்ச நேரத்தில் ஓடை பொங்கி வந்தது. தாழ்ந்த சுவரருகே ஒரு கணம் சுழித்து, பிறகு மளமளவென்று பூங்காவுக்குள் இறங்கியது. மேல்பாதையில் நனைந்தபடி நின்று, புல்வெளி குளமாவதைப் பார்த்தோம். சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. செயலாளர்கூடப் போட்டோ எடுத்தார்.

மறுநாள் காலை நடைபாதை பாதிக்குமேல் தண்ணீரில் கிடந்ததால், சந்து வழியாக நடந்தேன். மிசின்கள் ஓடும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. உள்ளே அந்தப் பெண்மணி தரையில் உட்கார்ந்து நேவி புளூ கட்டைப் பிரித்தபடி, காலரைத் திருப்பித் தைத்துவிட்ட யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “டீ சொல்லட்டுங்களா சார்?” என்றார். உட்கார்ந்தேன்.